போர்ப் பாணியைக் கடைசியில் எழுதுங்கள்: ஆயுதம் ஏந்தும் பாத்திரத்துக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம் அது. கொக்குவிலிலிருந்தும் கோண்டாவிலிலிருந்தும் சைக்கிளில் வருபவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், வேலைக்குப் போகும் இரண்டொருவர் என மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள் நிறைந்துவிடும். புதிதாக வருபவர் தன் பாத்திரத்தின் பெயருக்கும் ஊருக்கும் பகைக்கும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். பாத்திரம் எப்படிச் சண்டை செய்வதில் சிறந்தது என்று காட்டும் போர்ப் பாணி என்ற வரிக்கு வந்ததும் இரண்டு நிமிடத்தில் ஒன்றை எழுதிவிட்டுத் தேநீரைக் கையில் எடுப்பார். மூன்றாவது வாரம் அவர் முகம் வாடியிருக்கும்.

இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்த பிறகுதான் தவறு வரிசையில் இருக்கிறது என்று விளங்கியது. பாணியை முதலில் எடுத்து, அதற்கேற்ப ஆயுதத்தையும் உடலையும் வளைக்கப் பார்க்கிறார்கள். குழு, வகுப்பு, உடல், கைகள், சுற்றில் கிடைக்கும் செயல்கள் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்து வந்தால், பாணியின் வரிக்கு வரும்போது ஆறு தெரிவுகளில் இரண்டுதான் மிஞ்சும். அந்த இரண்டுக்குள் தேர்வது சுலபம்.

கீழே உள்ளவை ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளுக்கானவை. 2024 விதிகளில் மாறியவற்றை 9ஆம் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

1. உட்காருமுன் வேண்டியவை

விதிகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி பேசும் ஆறு பாணிகளும் அதில் இருக்கின்றன. ஆயுத அட்டவணையும் சண்டை பற்றிய அத்தியாயமும் மட்டும் அச்செடுத்து மேசையில் வையுங்கள். மின்சாரம் நின்றால் கைபேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.

பாத்திரத் தாளைப் பென்சிலால் எழுதுங்கள். இந்த வழிகாட்டியின் வழியில் போனால் குறைந்தது இரண்டு தடவை அழித்து எழுதுவீர்கள்.

சதுரக் கோடிட்ட கணிதக் கொப்பியில் ஒரு தாளும் நான்கைந்து கரம் காய்களும் எடுத்து வையுங்கள். ஒரு சதுரம் 5 அடி. பாணிகளில் சில தூரத்தையும் பக்கத்தில் நிற்பவரையும் பொறுத்தவை. அதைக் கண்ணால் பார்க்காமல் முடிவெடுத்தால் பிழையாகிவிடும்.

20 முகப் பகடை இல்லாவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் பேணியில் போட்டு இழுக்கலாம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஒவ்வொரு தடவையும் இழுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். போடாமல் விட்டால் அடுத்தடுத்த வாய்ப்புகள் மாறிவிடும். கீழே தரும் வீதங்கள் எதுவும் பிறகு பொருந்தாது.

2. முதல் கேள்வி குழுவுக்கு

மற்றவர்கள் என்ன எடுக்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். முன்னால் நிற்பவர் எத்தனை பேர்? பின்னால் நிற்பவர் எத்தனை பேர்?

எங்கள் மேசையில் ஒரு தங்கச்சி புரொடெக்ஷன் பாணியை ஆசையோடு எடுத்தார். பக்கத்தில் நிற்கும் தோழரை அடிக்க வருபவனின் குறியைக் கேடயத்தால் குலைக்கும் பாணி அது. அந்தக் குழுவில் மற்ற மூவரும் மந்திரவாதிகளும் வில்லாளியுமாக 40 அடி பின்னால் நின்றார்கள். 5 அடிக்குள் யாருமே இல்லை. நான்கு வாரம் அந்தப் பாணி ஒருமுறைகூடப் பயன்படவில்லை. அவர் பாத்திரத்தை எழுதுமுன் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

முன்னால் நிற்க வேறொருவர் இருந்தால் உங்களுக்கு எல்லாத் தெரிவும் திறந்திருக்கும். நீங்கள் ஒருவர்தான் முன்னணி என்றால் கேடயமும் கனத்த கவசமும் வேண்டும்.

ஆட்டம் நடத்துபவரிடமும் ஒன்று கேளுங்கள்: சண்டைகள் பெரும்பாலும் குறுகிய நிலவறைகளிலா, திறந்த வெளியிலா? 600 அடி தூரம் எய்யும் நீள்வில் 30 அடி அறைக்குள் தன் சிறப்பை இழந்துவிடும்.

3. வகுப்பும் லெவலும்

வகுப்பு என்பது பாத்திரத்தின் தொழில், லெவல் அதன் வளர்ச்சிப் படி. ஃபைட்டர் என்ற போர்வீரனுக்கு முதல் லெவலிலேயே பாணி கிடைக்கிறது. ஆறில் எதையும் எடுக்கலாம். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதை 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.

பலடின் என்ற புனித வீரனுக்கும் ரேஞ்சர் என்ற காட்டு வீரனுக்கும் இரண்டாம் லெவலில்தான் கிடைக்கிறது. இருவருக்கும் நான்கு நான்கு தெரிவுகள். டிஃபென்ஸும் டூவலிங்கும் இருவருக்கும் பொது. பலடினுக்கு அவற்றோடு கிரேட் வெப்பன், புரொடெக்ஷன். ரேஞ்சருக்கு ஆர்ச்சரி, டூ வெப்பன்.

புதியவர்கள் முதல் லெவல் ரேஞ்சரின் தாளில் ஆர்ச்சரியின் கூட்டெண்ணைச் சேர்த்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டாம் லெவல் வரை அது இல்லை. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: ஓரிரண்டு சண்டை ஆடிப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கலாம். புதியவருக்கு ரேஞ்சரையோ பலடினையோ நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே பாணியை இரண்டு தடவை எடுக்க முடியாது. பின்னாளில் வேறு வகுப்பிலிருந்து இன்னொரு பாணி கிடைத்தாலும் அது வேறொன்றாக இருக்க வேண்டும்.

4. வலிமையா, சுறுசுறுப்பா

இரண்டில் எது உங்கள் பெரிய எண் என்பதை இங்கே முடிவு செய்யுங்கள். பாதித் தெரிவுகள் இந்த இடத்தில் விழுந்துவிடும்.

இரு கைகளால் வீசும் பெரிய ஆயுதங்கள் எல்லாம் வலிமைக்குரியவை. பெருவாள், பெருங்கோடரி, நீண்ட பிடியுள்ள கிளேவ் என எதையும் சுறுசுறுப்பால் வீச முடியாது. உருட்டலில் சேரும் கூட்டெண் 16க்கு 3, 8க்குக் கழித்தல் 1. ஆகவே சுறுசுறுப்பு 16, வலிமை 8 வைத்துக்கொண்டு பெருவாள் கேட்பவர் தாக்கும்போது 4 புள்ளி இழக்கிறார். சேதத்திலும் அதே 4 போகிறது.

வில்கள் சுறுசுறுப்புக்குரியவை. குறுவாள், ரேப்பியர் போன்ற ஃபினெஸ் ஆயுதங்களுக்கு இரண்டில் எது பெரிதோ அதைப் பயன்படுத்தலாம்.

கவசமும் இதோடு சேர்ந்தது. சங்கிலிக் கவசம் காப்பெண் 16 தரும். உங்களை அடிக்க எதிரி 20 முகப் பகடையும் தன் கூட்டெண்களும் சேர்த்து எட்ட வேண்டிய எண் அது. ஏசி என்று எல்லோரும் சொல்வது இந்தக் காப்பெண்ணைத்தான். அந்தக் கவசத்துக்கு வலிமை 13 வேண்டும். இல்லாவிட்டால் நடை வேகம் 10 அடி குறையும்.

ஹாஃப்லிங், நோம் போன்ற சிறிய உடலினர் கனமான ஆயுதங்களால் தாக்கும்போது இரண்டு தடவை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். பெருவாள் மட்டுமல்ல, நீள்வில்லும் கனமான ஆயுதம்தான். குட்டை வில்லாளி ஒருவரை உருவாக்கும்போது பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். அவருக்குக் குறுவில் கொடுங்கள். சேதம் 8 முகத்திலிருந்து 6 முகத்துக்கு இறங்கினாலும் குறி தப்பாது.

5. இரண்டு கைகளையும் எண்ணுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். நான் பார்த்த பிழைகளில் பெரும்பகுதி இங்கே பிறந்தவை.

தாளின் ஓரத்தில் இடக்கை, வலக்கை என்று இரண்டு கோடு போடுங்கள். சண்டையின் நடுவில் ஒவ்வொரு கையிலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மூன்றாவது பொருளுக்கு இடமில்லை.

பெருங்கோடரியும் கேடயமும் ஒன்றாக முடியாது. கேடயம் காப்பெண்ணில் 2 தருகிறது. இரு கை ஆயுதத்தை எடுப்பவர் அந்த 2ஐ விட்டுக்கொடுக்கிறார். கேடயத்தை மாட்டவோ கழற்றவோ ஒரு முழு ஆக்ஷன், அதாவது அந்தச் சுற்றின் முக்கியச் செயல், வேண்டும் என்பதால், சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பலிக்காது.

கேடயம் ஆயுதமாகக் கணக்கில்லை. ஆகவே டூவலிங் எடுத்தவர் ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமும் வைத்துக்கொண்டே கூடுதல் சேதத்தைப் பெறலாம். டூவலிங் என்ற சொல்லைப் பார்த்து மறு கை வெறுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்து எத்தனையோ பேர் கேடயத்தைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

நீள்வாள், ஈட்டி, கைத்தடி போன்றவற்றை ஒரு கையாலும் பிடிக்கலாம், இரு கையாலும் பிடிக்கலாம். ஒரு கையால் வீசினால் நீள்வாளுக்கு 8 முகப் பகடை, இரு கையால் என்றால் 10 முகம். கிரேட் வெப்பன் பாணி இரு கையால் பிடிக்கும்போது மட்டுமே வேலை செய்யும். கேடயம் மாட்டியிருந்தால் இல்லை.

இரண்டு ஆயுதத்தால் சண்டை செய்ய இரண்டும் லைட் என்று குறிக்கப்பட்ட, கையால் வீசும் ஆயுதங்களாக இருக்க வேண்டும். குறுவாள் இரண்டு சரி. நீள்வாளும் குத்துவாளும் சரிவராது. ரேப்பியரும் லைட் இல்லை. இன்னொன்று: சுற்றில் இலவசமாக ஒரு பொருளைத்தான் உருவலாம். முதல் சுற்றிலேயே இரண்டு வாளையும் உறையிலிருந்து எடுத்துத் தாக்கிவிட முடியாது. ஆபத்தான இடத்துக்குள் நுழையுமுன் ஒன்றையாவது கையில் ஏந்திக்கொள்கிறேன் என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

மந்திரம் சொல்லும் ரேஞ்சருக்கும் பலடினுக்கும் இன்னொரு சிக்கல். காயம் ஆற்றும் மந்திரத்துக்குக் கையசைவு வேண்டும். இரு கையிலும் வாள் வைத்திருக்கும் ரேஞ்சர் ஒன்றை உறையில் போட வேண்டும், அல்லது கீழே விட வேண்டும். வாளும் கேடயமுமாக நிற்கும் பலடினுக்கும் அதே நிலைதான். பெருவாள் பிடித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தாக்கும்போதுதான் இரு கையும் வேண்டும். மந்திரத்துக்கு ஒரு கையை எடுத்துக்கொள்ளலாம்.

6. போனஸ் ஆக்ஷனும் ரியாக்ஷனும்

போனஸ் ஆக்ஷன் உங்கள் முறையில் செய்யும் கூடுதல் சிறு செயல். ரியாக்ஷன் பெரும்பாலும் மற்றவரின் முறையில் செய்யும் பதில் செயல். ஒரு சுற்றில் ஒரு போனஸ் ஆக்ஷன், ஒரு ரியாக்ஷன். அவ்வளவுதான். உங்கள் வகுப்பு இவற்றை ஏற்கெனவே எதற்குச் செலவழிக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது ஆயுதத்தின் தாக்குதல் போனஸ் ஆக்ஷனை எடுத்துக்கொள்கிறது. ஓர் எதிரியை அடையாளமிட்டு அவன் மேல் கூடுதல் சேதம் தரும் ரேஞ்சரின் ஹன்டர்ஸ் மார்க் மந்திரத்தை இடவும், எதிரி விழுந்ததும் அடுத்தவன் மேல் மாற்றவும் போனஸ் ஆக்ஷன்தான் வேண்டும். சிறிய எதிரிகள் பலர் வரும் சண்டையில் சுற்றுக்குச் சுற்று அடையாளத்தை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். இரண்டாவது வாள் சும்மா இருக்கும். ஒரே பெரிய எதிரி என்றால் இரண்டும் அழகாக ஒத்துப்போகும். உங்கள் மேசையில் எது அதிகம் என்று ஆட்டம் நடத்துபவரிடம் இதையும் கேளுங்கள்.

புரொடெக்ஷனுக்கு ரியாக்ஷன் செலவாகும். விலகி ஓடும் எதிரியை வெட்டுவதற்கும் அதே ரியாக்ஷன்தான். இரண்டையும் ஒரே சுற்றில் எதிர்பார்க்க வேண்டாம்.

7. இப்போது ஆறு பாணிகள்

ஆர்ச்சரி. எய்யும் ஆயுதத்தால் தாக்கும் உருட்டலில் 2 கூடுகிறது. சேதத்தில் எதுவும் கூடாது. 20 முகப் பகடையில் ஒரு புள்ளி என்றால் நூற்றுக்கு 5. ஆகவே குறி தப்பாத வாய்ப்பு நூற்றுக்கு 10 ஏறுகிறது. எதிரி பாதி மறைவில் நின்றால் அவன் காப்பெண்ணில் 2 கூடும். வில்லாளிக்கு எதிராக அதுதான் அடிக்கடி நடக்கும். இந்தப் பாணி அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எறியீட்டி, கைக்கோடரி, குத்துவாள் எல்லாம் எறியக்கூடியவை என்றாலும் விதிப்படி அவை கைச்சண்டை ஆயுதங்கள். ஆர்ச்சரி அவற்றுக்குச் சேராது. ஒரு தம்பி ஆர்ச்சரி எடுத்து ஐந்து எறியீட்டிகளை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆயுத அட்டவணையில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்த்தபோதுதான் விளங்கியது. எதிரி 5 அடிக்குள் வந்துவிட்டால் வில்லெய்வது இரண்டு உருட்டலில் குறைந்ததாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்ச்சரி அதைத் தடுக்காது.

டிஃபென்ஸ். கவசம் அணிந்திருக்கும்போது காப்பெண்ணில் 1 கூடும். பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தாக்கும் உருட்டலில் 4 கூட்டும் எதிரி, காப்பெண் 18 உள்ள உங்களை 14 முதல் 20 வரை உருட்டினால் அடிப்பான். 20இல் 7. காப்பெண் 19 ஆனால் 20இல் 6. ஏழு அடியில் ஒன்று குறைகிறது. காப்பெண் 14 உள்ளவருக்கோ 20இல் 11 என்பது 10 ஆகிறது. பதினொன்றில் ஒன்றுதான் குறைகிறது. ஏற்கெனவே கனத்த கவசம் அணிந்தவருக்கே இந்தப் பாணி அதிகம் கொடுக்கிறது. பலவீனமானவரின் ஓட்டையை அடைக்க இதை எடுப்பது நேர்மாறான வேலை.

எதைத் தேர்வது என்று முடிவாகாத புதியவருக்கு நான் டிஃபென்ஸைச் சொல்கிறேன். எந்த ஆயுதத்துக்கு மாறினாலும் அது கூடவே வரும். நினைவில் வைக்க வேண்டிய தேவையும் இல்லை.

டூவலிங். ஒரு கையில் கைச்சண்டை ஆயுதம், மறு கையில் வேறு ஆயுதம் இல்லை என்றால் சேதத்தில் 2. நீள்வாளின் சராசரி 4.5 என்பது 6.5 ஆகிறது. கேடயமும் கையிலேயே இருக்கிறது. ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கிரேட் வெப்பன். இரு கையால் வீசும்போது சேதப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் ஒருமுறை மறுபடி உருட்டலாம். மறுபடி விழுந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெருவாள் இரண்டு 6 முகப் பகடைகளை உருட்டுகிறது. சராசரி 7 என்பது 8.33 ஆகிறது. பெருங்கோடரிக்கு ஒரு 12 முகம். 6.5 என்பது 7.33 ஆகிறது. சிறிய பகடை, அதிக எண்ணிக்கை என்றால்தான் இந்தப் பாணிக்குத் தீனி. கோடரியின் தோற்றத்துக்காக அதை எடுப்பவர் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் அதற்கு டிஃபென்ஸ் பாணியைச் சேர்ப்பதே நல்லது என்று நான் சொல்வேன்.

பலடின் தன் அடியோடு சேர்க்கும் ஸ்மைட் என்ற கூடுதல் சேதத்துக்கு உருட்டும் பகடைகளில் மறு உருட்டல் கிடையாது. ஆயுதத்தின் சொந்தப் பகடைக்கு மட்டுமே. இரண்டு நிறப் பகடைகளை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

புரொடெக்ஷன். கேடயம் கட்டாயம். பக்கத்தில் 5 அடிக்குள் நிற்கும் தோழரை எதிரி தாக்கும்போது, அவனை இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுக்கச் செய்யலாம். உங்கள் மேல் வரும் தாக்குதலுக்கு இது உதவாது. இதை எடுக்குமுன் ஆட்டம் நடத்துபவரிடம் ஓர் உறுதி வாங்குங்கள்: பகடையை உருட்டுமுன் யாரை அடிக்கிறான் என்று அவர் சொல்ல வேண்டும். உருட்டி முடித்து எண்ணையும் சொல்லிவிட்டால் உங்கள் வாய்ப்புப் போய்விடும்.

டூ வெப்பன். பாணி இல்லாமலே எவரும் இரண்டு ஆயுதத்தால் தாக்கலாம். இரண்டாவது தாக்குதலின் சேதத்தில் உங்கள் வலிமை அல்லது சுறுசுறுப்புக் கூட்டெண் சேராது என்பதே குறை. இந்தப் பாணி அதைச் சேர்க்கிறது. இரண்டு வாள் பிடிக்க இந்தப் பாணி இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்து இதை எடுப்பவர்கள் உண்டு. கட்டாயமில்லை.

2020இல் வந்த கூடுதல் விதிகளில் எறிபவர்களுக்கும் வெறுங்கையால் சண்டை செய்பவர்களுக்கும் கண் தெரியாமல் சண்டை செய்பவர்களுக்கும் தனிப் பாணிகள் இருக்கின்றன. அந்தத் தம்பியின் எறியீட்டிகளுக்கு அங்கேதான் வழி கிடைத்தது.

8. மிஞ்சிய இரண்டையும் எண்ணிப் பாருங்கள்

சராசரிச் சேதத்தைக் குறி தப்பாத வாய்ப்பால் பெருக்குங்கள். அதுதான் ஒரு தாக்குதலின் உண்மையான பெறுமதி. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்கள் என்றில்லை, எல்லோராலும் முடியும்.

முதல் லெவல் ஃபைட்டர், கூட்டெண் 3, தேர்ச்சி போனஸ் (பழகிய ஆயுதத்தால் தாக்கும்போது சேரும் எண்) 2. எதிரியின் காப்பெண் 13 என்று வையுங்கள். 8 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 65. சேதப் பகடைகளை இரட்டிப்பாக்கும் 20ஐக் கணக்கில் எடுக்கவில்லை.

பாணியோடு இரண்டு குறுவாள்: ஒவ்வொன்றும் 6.5. இரண்டு தாக்குதலுக்கும் சேர்த்து 8.45. பாணியோடு பெருவாள்: 11.33க்கு 7.37. டூவலிங் நீள்வாள்: 9.5க்கு 6.18. ஆர்ச்சரியோடு நீள்வில்: சேதம் 7.5, வாய்ப்பு 75. ஆகவே 5.63.

இதைப் பார்த்ததும் எல்லோரும் இரண்டு வாளுக்கு ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு ஒரு ஆக்ஷனில் இரண்டு தாக்குதல் கிடைக்கிறது. போனஸ் ஆக்ஷன் தாக்குதல் ஒன்றாகவே நிற்கிறது. கூட்டெண் 4, தேர்ச்சி போனஸ் 3, எதிரியின் காப்பெண் 15 என்று எடுத்தால் வாய்ப்பு அதே 65. இப்போது பெருவாள் 16.03, இரண்டு குறுவாள் 14.63, டூவலிங் 13.65, வில் 12.75. பதினோராம் லெவலில் மூன்றாவது தாக்குதல் வரும்போது இடைவெளி இன்னும் விரியும். உங்கள் ஆட்டம் மூன்றாம் லெவலோடு முடியுமென்றால் இரண்டு வாள் நல்ல தெரிவு. இரண்டு வருடம் ஆடப்போகிறீர்கள் என்றால் வேறு கணக்கு.

வில்லின் எண் குறைவாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். வாள்காரர் ஓடிச் சேர்வதற்குள் வில்லாளி இரண்டு தடவை எய்திருப்பார். அந்தச் சுற்றுகள் இந்தக் கணக்கில் இல்லை.

எங்கள் ஊரில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியை விரிவாகவே பார்க்கலாம். நல்லூர்க் கந்தனின் மூலத்தானத்தில் இருப்பதே வேல்தான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேல் ஏந்திய வீரனைக் கேட்காமல் இருப்பார்களா? எங்கள் மேசைக்கு வந்த புதியவர்களில் மூவர் கேட்டிருக்கிறார்கள்.

விதியில் அதற்கு மிக நெருக்கமானது ஈட்டி. ஒரு கையால் 6 முகம், இரு கையால் 8 முகம், 20 அடி வரை தடையின்றி எறியலாம். மூவருமே இரு கையால் பிடித்த தோற்றத்தை நினைத்து கிரேட் வெப்பன் கேட்டார்கள். எண்ணிப் பார்த்தோம். இரு கையால், மறு உருட்டலோடு, சராசரி 5.25. ஒரு கையால் டூவலிங்கோடு 5.5. ஒரு கையால் பிடித்தவருக்கே சேதம் அதிகம். அதற்கு மேல் கேடயத்தின் 2 காப்பெண்ணும் அவருக்குத்தான். ஆகவே வேல் வீரனுக்கு டூவலிங்கும் கேடயமும். ஈட்டியை எறியும்போது டூவலிங்கின் 2 சேருமா என்பதில் மேசைக்கு மேசை முடிவு மாறுகிறது. முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். எறிந்த பிறகு கையில் எடுக்க இன்னொரு ஈட்டியும் வாங்கி வையுங்கள்.

எண்கள் கிட்டத்தட்டச் சமமாக வந்தால், மனதில் தோன்றும் காட்சி எதுவோ அதையே எடுங்கள். அரைப் புள்ளிக்காக நீங்கள் விரும்பிய வீரனைக் கைவிட வேண்டாம். இதை நான் மனதாரச் சொல்கிறேன். வாரா வாரம் அந்தப் பாத்திரத்தோடு உட்காரப் போவது நீங்கள்.

9. உங்கள் மேசை 2024 விதிகளில் ஆடினால்

கிரேட் வெப்பனில் மறு உருட்டல் போய்விட்டது. 1, 2 விழுந்தால் 3 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெருவாளின் சராசரி 8 ஆகிறது. பெருங்கோடரிக்கு 6.75தான். கோடரிக்கு இந்தப் பாணி முன்னிலும் குறைவாகவே கொடுக்கிறது.

புரொடெக்ஷன் வலுப்பெற்றிருக்கிறது. ரியாக்ஷன் செலவழித்த பின், தோழரின் 5 அடிக்குள் நீங்கள் இருக்கும்வரை, உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரை அவர் மேல் வரும் எல்லாத் தாக்குதலுக்கும் அது பொருந்தும்.

ஆயுதத் தேர்ச்சி என்ற புதிய பகுதியில் நிக் என்ற பண்பு இருக்கிறது. அது உள்ள ஆயுதத்தின் கூடுதல் தாக்குதல் போனஸ் ஆக்ஷனை எடுக்காது. 6ஆம் படியில் சொன்ன ரேஞ்சரின் சிக்கல் இதனால் பெருமளவு தீர்கிறது. பலடினுக்கோ ஸ்மைட் போனஸ் ஆக்ஷனாகிவிட்டது. ஆகவே இரண்டு வாள் பலடின் நிக்கைத் தேடித்தான் ஆக வேண்டும்.

சிறிய உடலினர்க்கான தடையும் போய்விட்டது. அதற்குப் பதிலாக, கனமான கைச்சண்டை ஆயுதத்துக்கு வலிமையும், கனமான எய்யும் ஆயுதத்துக்குச் சுறுசுறுப்பும் 13 இருக்க வேண்டும்.

இரண்டு பதிப்பையும் கலக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் அறிவுரை எந்த ஆண்டு விதிக்கு என்று பார்த்த பிறகு பின்பற்றுங்கள்.

10. தாளில் எழுதி ஒரு சண்டை ஆடிப் பாருங்கள்

பாணியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். நல்லூர்க் கொடியேறினால் 25 நாள் எங்கள் ஆட்டம் நின்றுவிடும். திரும்பி வரும்போது பாதிப் பேருக்குத் தங்கள் கூட்டெண் நினைவிருக்காது. ஆகவே ஆயுதத்தின் வரியிலேயே எல்லாவற்றையும் கூட்டி முடித்த எண்ணை எழுதுங்கள். நீள்வில் என்றால் தாக்குதல் 7, சேதம் ஒரு 8 முகமும் 3உம். அதன் கீழே சிறிய எழுத்தில் 7 எப்படி வந்தது: சுறுசுறுப்பு 3, தேர்ச்சி 2, ஆர்ச்சரி 2. லெவல் ஏறும்போது எதை மாற்ற வேண்டும் என்று அது சொல்லும்.

டிஃபென்ஸின் 1ஐக் காப்பெண் பெட்டியிலேயே சேர்த்துவிடுங்கள். கேடயம் இருக்கும்போது, இல்லாதபோது என்று இரண்டு எண் எழுதுங்கள். புரொடெக்ஷன் எடுத்தவர் தாளின் மேல் ஒரு கரம் காயை வைத்திருக்கலாம். ரியாக்ஷன் செலவானதும் காயைத் தள்ளி வைத்து, தன் முறை வந்ததும் திரும்ப எடுக்கலாம்.

பிறகு நண்பரோடு மூன்று சுற்று ஆடுங்கள். சதுரத் தாளில் இரண்டு எதிரிகள் போதும். கை நிறைந்துபோன இடமும் போனஸ் ஆக்ஷன் மோதிய இடமும் அந்த மூன்று சுற்றுக்குள் தெரிந்துவிடும். பென்சில் இன்னும் கையில்தான் இருக்கிறது.

ஆட்டம் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் நடத்துபவரிடம் கேளுங்கள். 2014 விதிகளில் அதற்கு வழி இல்லை. 2020இன் கூடுதல் விதிகள் நான்காம் லெவல் முதலாகக் குறிப்பிட்ட லெவல்களில் பாணியை மாற்ற அனுமதிக்கின்றன. 2024இல் ஃபைட்டர் ஒவ்வொரு லெவலிலும் மாற்றலாம். எங்கள் மேசையில் முதல் நான்கு ஞாயிறு வரை எவரும் காரணம் சொல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். புரொடெக்ஷன் எடுத்த தங்கச்சி அப்படித்தான் டூவலிங்குக்கு மாறினார். கேடயத்தை அவர் கீழே வைக்கவில்லை.